மேயரின் இடது கண்

ஜனவரி 6, ஞாயிறு

டுலூத்தில் ஜனவரி மாதம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுதுபார்ப்பவனுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது. இன்றும் இரண்டு வீடு. இரண்டிலும் ஒரே கதைதான், ஃபில்டரை மாற்றாமல் அடைத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் காபியோடு எலுமிச்சைக் கேக் துண்டும் கொடுத்தார்கள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் மீசை உறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, கூண்டிலிருந்த என் பச்சோந்தி மேயரைப் பார்த்தேன். இடது கண் மூடியிருந்தது. பச்சோந்தி பகலில் கண்ணை மூடாது. தூங்குகிறாரோ என்று கூண்டை லேசாகத் தட்டினேன். வலது கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டி, "என்ன வேணும்?" என்பதுபோல் பார்த்தார். இடது கண் அசையவில்லை. கண்ணைச் சுற்றியிருக்கும் கூம்பு கொஞ்சம் வீங்கின மாதிரி. தூசி ஏதாவது விழுந்திருக்கும்.

மற்றபடி அழகாகத்தான் இருக்கிறார். மடகாஸ்கர் வகை, உடம்பெல்லாம் கடல் பச்சை, நடுவே செங்கல் நிறப் பட்டை. இந்த ஊரில் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். கூண்டின் மேலே இருக்கும் விளக்கில் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவர் வெறும் நிழலாகத்தான் தெரிவார். அதனால் நவம்பரில் சுருள் குழாய் வைத்த புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி, பக்கவாட்டில், அவர் உட்காரும் கிளைக்கு நேராக மாட்டினேன். அன்றிலிருந்து கண்ணுக்கு விருந்துதான்.

மார்லிஸிடம் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை மேயர் என் பொறுப்பு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவள் பொறுப்பு. விவாகரத்தில் வீடு எனக்கு, கார் அவளுக்கு, ஜோடி நாற்காலியில் ஆளுக்கு ஒன்று. மேயரைத்தான் பிரிக்க முடியவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

காலையில் விளக்குப் போடும் முன் பார்த்தேன், கண் பாதி திறந்திருந்தது. சாயந்திரம் வந்து பார்த்தால் மறுபடி மூடியிருக்கிறது. சரியாகிவிடும்.

ஜனவரி 10, வியாழன்

இன்று ஷவர் வைத்தியம். பச்சோந்தி வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். செடித் தொட்டியோடு மேயரைத் தூக்கிப்போய்க் குளியலறையில் வைத்தேன். தண்ணீர் நேராக அவர்மேல் விழக் கூடாது. வெதுவெதுப்பாக எதிர்ச் சுவரில் அடித்து, தெறிக்கிற சாரல் மட்டும் படவேண்டும். நான் கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணையும் மூடி, இமைக்குள்ளேயே விழியைச் சுழற்றினார். அப்படித்தான் அவர்கள் கண் கழுவிக்கொள்வார்கள். இலை நுனியில் தொங்கிய துளிகளை நக்கிக் குடித்தார்.

வெளியே எடுத்தபோது இடது கண் கொஞ்சம் திறந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு தோள்வரை ஏறினார். ரொம்ப நாள் கழித்து. அந்தக் கால்கள் கையுறை போட்ட குழந்தைக் கை மாதிரி கவ்வும்.

ஜனவரி 12, சனி

பூச்சியைத் தவறவிட்டார்.

சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றைக் கிளையில் விட்டேன். ஒரு கண்ணால் குறிபார்த்தார். நாக்கு பாய்ந்தது, பூச்சிக்குப் பக்கத்தில் இலையில் போய் ஒட்டியது. மறுபடி. மறுபடியும் இலை. பச்சோந்திக்கு இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் நின்றால்தான் தூரம் பிடிபடும். மூன்றாவது தடவை நாக்கை நீட்டவேயில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு, மூடிய கண்ணைக் கிளையில் தேய்த்தான். தேய் தேயென்று தேய்த்தான்.

பூச்சியைப் பிடிக்க முடியாத பச்சோந்தி எத்தனை நாள் தாங்கும்? நாலு வயசுதானே ஆகிறது உனக்கு? இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருக்கிறதே.

மார்லிஸிடம் சொல்லியே ஆகவேண்டும். என்ன சொல்வது? "என் பொறுப்பில் இருக்கும்போது"— வேண்டாம், நாளைக்கு.

ஜனவரி 13, ஞாயிறு

சொன்னேன். உடனே, "எத்தனை நாளா?" என்றாள். நான் இரண்டு மூன்று நாள் என்றேன். "வெர்லின்," என்று என் பெயரை மட்டும் சொன்னாள். "சரி, ஒரு வாரம்," என்றேன். போனை வைத்துவிட்டாள். அரைமணி நேரத்தில் வாசலில் நின்றாள்.

உள்ளே வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நேரே கூண்டுக்குப் போய், "டேய் தங்கம், என்னடா ஆச்சு உனக்கு?" என்றாள். அவளுக்கு மட்டும் எப்போதும் அவன் "டேய்"தான். பிறகு என் பக்கம் திரும்பி ஆரம்பித்தாள்.

"ஊர்ல எல்லார் வீட்டு ஃபர்னஸையும் பாக்கறே, உன் வீட்டுல காத்து எப்படி இருக்கு பாத்தியா? மீனைத் தொங்கவிட்டா மத்தியானத்துக்குள்ள கருவாடு ஆயிடும்!"

சொன்னது நிஜம். ஈரப்பதம் காட்டும் முள் கீழே படுத்துக் கிடந்தது. எல்லார் வீட்டிலும் காற்றை ஈரமாக்கும் கருவி வையுங்கள் என்று சொல்கிற வாய் இது.

அடுத்து, பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள். மீன் எண்ணெய். நார்வேயிலிருந்து வந்த அவள் வீட்டு வழக்கம். சளி, மூட்டுவலி, மனக்கஷ்டம், எது வந்தாலும் ஒரு கரண்டி மீன் எண்ணெய்தான்.

"கண்ணுக்கு வைட்டமின் ஏ வேணும். இதுல நெறைய இருக்கு."

"பச்சோந்திக்கு மீன் எண்ணெயா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? சின்ன வயசுலேருந்து குடிக்கறேன்."

"அதான் உன்னைப் பாத்தாலே மீன் வாடை."

அவள் சிரிக்கவில்லை. நல்லவேளை, இரண்டு பேருக்கும் பயம் வந்துவிட்டது, மேயருக்கு அதைக் கொடுக்கவில்லை. ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கினாள்.

ஜனவரி 15, செவ்வாய்

மினியாப்பொலிஸ் போய் வந்தோம். மேயரைத் துணிபோட்ட பெட்டியில் வைத்து, பக்கத்தில் வெந்நீர்ப் பை வைத்து, மார்லிஸ் மடியில். வழியெல்லாம் பெட்டியின்மேல் கையை வைத்தபடியே வந்தாள். ஹீட்டரை முழுதாகத் திருப்பியதில் எனக்கு வியர்த்து ஊற்றியது. அதைக் குறைக்கவில்லை.

டாக்டர் க்விஸ்ட் இளம்பெண். அவருடைய விரல்கள் எவ்வளவு மெதுவாகப் போயின! கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல விளக்கில் காட்டினார். விழியின்மேல் பச்சையாக ஒரு தீற்றல் மின்னியது. புண். பிறகு உப்புநீரைப் பீய்ச்சி இமைக்குள் கழுவினார். வெள்ளையாகத் துணுக்கு ஒன்று வெளியே வந்தது. போன மாதம் தோல் உரித்தபோது சிக்கிக்கொண்ட மிச்சம்.

"அப்ப இதுதான் காரணமா?" என்றாள் மார்லிஸ்.

"இதுவும் ஒண்ணா இருக்கலாம். இது மட்டும்தான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். விளக்கு எங்க வெச்சிருக்கீங்க?"

"மேலே," என்றேன். மேலே ஒன்று இருக்கத்தானே இருக்கிறது.

மீன் எண்ணெய் பாட்டிலை மார்லிஸ் காட்டியபோது டாக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ, வேணாங்க. வைட்டமின் ஏ கொறைஞ்சாலும் கண்ணு வீங்கும், கூடினாலும் உடம்புல தங்கி ஈரலைக் கெடுக்கும். கொறையுதான்னு தெரியாம ஊத்தவே கூடாது. பூச்சிங்களுக்குக் கேரட்டும் கீரையும் போடுங்க, அது தின்னதை இவர் திம்பார். அதுவே போதும்."

தினம் மூன்று வேளை சொட்டு மருந்து. இலைகளுக்கு அடிக்கடி நீர்த்தூவல். புண் ஆறாமல் ஆழமாகப் போனால்? கேட்டது நான்தான். "கண்ணை எடுக்கற மாதிரி வரலாம்," என்றார். மார்லிஸ் மேயரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

வீட்டு வாசலில், "மீன் எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை பேசினே, தெரியும்," என்றாள். "நான் என்ன சொன்னேன்?" "உன் மூஞ்சி சொல்லுது."

ஜனவரி 17, வியாழன்

ஈரக் கருவி வாங்கி வைத்தாயிற்று. மத்தியான மருந்துக்கு வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஓடி வருகிறேன். மருந்துப் புட்டியைப் பார்த்தாலே மேயர் கன்னங்கரேலென்று ஆகி, வாயைப் பிளந்து சீறுகிறார். சீறுங்கள் ஐயா. தெம்பு இருக்கிறதென்று எனக்கு ஆறுதல்.

ஜனவரி 20, ஞாயிறு

பூச்சியை இடுக்கியில் பிடித்து உதட்டருகே காட்டினேன். ஒன்று தின்றார். மார்லிஸுக்குப் போன் செய்து சொன்னேன். "ஒண்ணுதானா?" என்றாள். ஆனால் குரல் மலர்ந்திருந்தது.

ஜனவரி 24, வியாழன்

இன்று வலது கண்ணும்.

முழுதாக மூடவில்லை. சுருக்கிக்கொண்டு, தலையைக் கிளைக்கு அந்தப் பக்கம் ஒளித்துக்கொள்ளப் பார்க்கிறான். துணுக்கை எடுத்தாயிற்று, மருந்து ஒரு வேளை தவறவில்லை, காற்றில் ஈரம் இருக்கிறது. பின்னே என்ன? இன்னும் என்னடா பண்ணணும் நான்? சொல்லித் தொலையேன்! வாயா இருக்கு உனக்குச் சொல்ல.

டாக்டரிடம் பேசினேன். அடுத்த வாரக் கடைசிவரை பார்க்கலாம், அதற்குள் கண் தேறவில்லையென்றால் அழைத்து வாருங்கள் என்றார். கண்ணை எடுக்கவா என்று நான் கேட்கவில்லை.

பெட்ஸி என்ற செல்லப்பிராணிக் கடையில் இவனை வாங்கிய நாள் ஞாபகம் வருகிறது. கல்யாணம் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த வருஷம். கண்ணாடித் தொட்டியில் கட்டைவிரல் அளவுதான் இருந்தான். ஒரு கண்ணால் என்னையும் ஒரு கண்ணால் மார்லிஸையும் ஒரே சமயத்தில் பார்த்தான். "பாரு, ரெண்டு கட்சிக்கும் நல்லவனா இருக்கான், மேயர் ஆகலாம்," என்றாள் அவள். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசியோ என்னவோ.

ஜனவரி 28, திங்கள்

நாளை முதல் கடுங்குளிர் என்று வானொலி அலறுகிறது. பள்ளிக்கூடம், தபால் எல்லாம் நிறுத்தம். ஃபர்னஸ்காரனுக்கு மட்டும் நிறுத்தமில்லை. மத்தியான மருந்துக்கு வர முடியாது. மார்லிஸிடம் கேட்டேன். "வந்து தங்கிக்கறேன், ரோட்டுல போய்ட்டு வந்துட்டிருக்க முடியாது," என்றாள். சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.

ஜனவரி 30, புதன்

எப்படி எழுதுவது இதை.

மைனஸ் முப்பது. எட்டு வீடு பார்த்தேனோ ஒன்பதோ. கடைசி வீட்டில் ஒரு கிழவர் மூன்று கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார், ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டியதும் வீடு வந்தேன். அடுப்பில் ஹாட்டிஷ் வாசனை, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டது. மார்லிஸ் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கோட்டை அப்புறம் கழட்டு. இங்க வா."

"சோறு திங்க விடேன்."

"வான்னா வா. மேயரை வெளிய எடுத்துட்டேன், அவன் செடியில இருக்கான். நீ உன் மூஞ்சியை அவன் கிளைகிட்ட வை."

"எதுக்கு?"

"வையேன், வெர்லின்."

குனிந்து கூண்டுக் கதவுக்குள் தலையை விட்டேன். பக்கவாட்டு விளக்கு நேரே கண்ணுக்குள் பாய்ந்தது. ஒரு சாண் தூரம்கூட இல்லை. முகத்தைத் திருப்பினேன்.

"திருப்பாதே. அவன் எங்க திருப்புவான்? அந்தக் கிளையிலதானே சூடு இருக்கு."

கொஞ்ச நேரம் தாங்கினேன். கண்ணில் நீர் வழிந்தது. போதும் என்றேன்.

"உனக்கு வாய் இருக்கு, போதும்னு சொல்றே," என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. வேலை கற்ற புதிதில் ஒரு தடவை முகமூடியில்லாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டின வலி. அந்த வலியையா நான் இவனுக்கு நவம்பரிலிருந்து தினம் காலையில் சுவிட்சைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்? காலையில் கண் திறந்திருந்ததே. விளக்குப் போட்ட பிறகுதானே மூடியது. என் கண்ணால் பார்த்தேன், எனக்குத்தான் தெரியவில்லை.

"பக்கத்துல எதுக்கு வெளக்கு வெச்சே?" சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாற்காலியிலேருந்து பாத்தா நிறம் நல்லாத் தெரியும்னு."

அந்தப் பழைய வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "உனக்கு எல்லாத்தையும் நாற்காலியிலேருந்தே பாக்கணும்." பிரிவதற்கு முன்னால் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னாள். அவள் அழுதுகொண்டிருந்த நாட்களில் சொன்னாள். சொல்லட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தலைகுனிந்து நின்றேன்.

சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். என் கோட்டைக் கழற்ற வைத்து, தட்டில் ஹாட்டிஷ் போட்டாள். "நான் மட்டும் என்ன, மீன் எண்ணெயை ஊத்தியிருப்பேன்," என்றாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜனவரி 31, வியாழன்

டாக்டர் போனில் சொன்னார்: பச்சோந்தியின் புருவ மேடு மேலேயிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கும், பக்கத்திலிருந்து வந்தால் தப்பிக்க வழியில்லை. "சுருள் வெளக்கைத் தூக்கிப் போடுங்க. நீளக் குழல் வெளக்கு, மேலே, வலைக்கு வெளிய. நான் அன்னிக்கே இன்னும் துருவிக் கேட்டிருக்கணும்." அவர் கேட்டார். நான்தான் மேலே என்றேன்.

மருந்தைத் தொடரச் சொன்னார். ஆறுமா என்று கேட்டதற்கு, ஆறலாம் என்றார்.

பிப்ரவரி 1, வெள்ளி

குளிர் விட்டது. மார்லிஸ் தன் வீட்டுக்குப் போனாள். அவள் தூங்கிய அறையில் போர்வை மடிக்காமல் கிடக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4, திங்கள்

வலது கண் திறந்துவிட்டது. சாயந்திரமும் திறந்தே இருந்தது!

பிப்ரவரி 9, சனி

மார்லிஸ் சனிக்கிழமைதோறும் வருகிறாள். மருந்து போட ஒரு ஆள் போதும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் மேயரைப் பிடிக்கிறாள், நான் சொட்டு விடுகிறேன். இன்று இடது இமை நடுவே ஊசி முனை அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. "அது விழிதானே?" என்றாள். "விழிதான்." மேயர் சீறி என் கட்டைவிரலைக் கடித்தார். வலித்தது. இருக்கட்டும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இடது கண் பாதி.

செடி இலைகளையெல்லாம் ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன், தூசி கண்ணில் போகாமலிருக்க. பூச்சிகளுக்குக் கீரை, கேரட், சர்க்கரைவள்ளி. என் பூச்சிகள் என்னைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன. நேற்று மார்லிஸிடம் சொன்னேன். "அதுக்குக் கூடவா பூச்சிங்ககிட்ட பொறாமை?" என்று கேட்டுவிட்டு, இன்று சூப் கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 23, சனி

மார்லிஸ் இடுக்கியை வாங்கி வைத்துவிட்டு, "கிளையில விடு. அவனே எடுக்கட்டும்," என்றாள். எனக்குப் பயம். மறுபடி தவறவிட்டால்?

விட்டேன். பூச்சி கிளையோரம் நகர்ந்தது. மேயரின் வலது கண் அதைத் தொடர்ந்தது. இடது கண் மெல்ல, துருப்பிடித்த கீல் மாதிரி, முன்னால் திரும்பியது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. மார்லிஸ் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

பூச்சியைக் காணோம். மென்றுகொண்டிருந்தார்.

"ஆஹா!" என்று நான் போட்ட கூச்சலில் மேயர் கறுத்துப்போனார். "கத்தாதேடா, பயப்படறான்," என்றாள். "டா" போட்டு என்னை அழைத்து மூன்று வருஷம் இருக்கும். சொல்லிவிட்டு அவளே திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

டாக்டரிடம் காட்டினோம். சாயம் ஒட்டவில்லை, புண் ஆறிவிட்டது. ஓரத்தில் மெல்லிய தழும்பு இருக்கும், பார்வைக்குக் குறைவில்லை.

வந்ததும் ஒரு வேலை செய்தேன். மேல் விளக்கில் நாற்காலியிலிருந்து பார்த்தால் மேயர் நிழலாகத்தான் தெரிகிறார். நாற்காலியைத் தூக்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டேன். கழுத்தை அண்ணாந்தால் எல்லா நிறமும் தெரிகிறது. இவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 6, சனி

நாளைக்கு ஏப்ரலின் முதல் ஞாயிறு, மேயர் மார்லிஸ் வீட்டுக்குப் போகவேண்டிய நாள். பெட்டியில் துணி விரித்து வைத்தேன். மறுபடி எடுத்து உதறி விரித்தேன். எத்தனை தடவைதான் விரிப்பது.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெளியே பனி உருகி ஓடுகிறது. மார்லிஸ் வந்தாள், அவள் அண்ணனின் பிக்கப் வண்டியில். நான் பெட்டியை எடுத்து நீட்டினேன்.

"பெட்டி எதுக்கு?"

"இன்னிக்கு ஏழாம் தேதி. உன் முறை."

"என் பால்கனிக்கு பெயிண்ட் அடிக்கறாங்க. வாடை அவன் கண்ணுக்கு ஆகாது."

"எவ்வளவு நாள் அடிப்பாங்க?"

"தெரியலை. நெறைய பால்கனி இருக்கு அந்தக் கட்டடத்துல." என் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். "சும்மா நிக்காம ஒரு கை பிடி."

உள்ளே போர்வையில் சுற்றியிருந்தது அவளுடைய நாற்காலி.

இருவருமாகத் தூக்கி வந்தோம். வாசலில் இடித்து, "இந்தப் பக்கம்", "இல்லை, அந்தப் பக்கம்" என்று ஒரு சண்டையும் போட்டாயிற்று. கூண்டுக்கு ஒரு பக்கம் என்னுடையது, மறு பக்கம் அவளுடையது. உட்கார்ந்தோம். மேயர் கிளையில் நின்று ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இலைக்குப் பின்னால் ஒரு பூச்சி அசைய, எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அதன் பக்கம் திரும்பிக்கொண்டார்.